மூணாவது தடவை நீட் எழுதவா, பி.ஆப்டம் சேரவா?

ஒத்தக்கண்ணி:

எல்லோருக்கும் வணக்கம். கோவில்பட்டிப் பக்கம், வயது 19. வீட்டில் ஒரு வாரமாகச் சண்டை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

முதல் தடவை நீட்டில் 386. ஒரு வருடம் கோச்சிங் போய் இரண்டாவது தடவை 441. அரசு கல்லூரிக்கு இது எட்டாது. நான் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீடும் எனக்கு இல்லை. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர வீட்டை விற்றாலும் போதாது, அதனால் அந்தப் பேச்சையே யாரும் எடுப்பதில்லை. அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறார். "இன்னும் ஒரே ஒரு தடவை எழுதும்மா, கோச்சிங் பணத்துக்கு நான் ஏற்பாடு பண்றேன்" என்கிறார். அந்த ஏற்பாடு என்பது அம்மாவின் செயின் என்று எனக்குத் தெரியும்.

பிளஸ் டூவில் 548. பாராமெடிக்கல் கவுன்சிலிங்கில் பி.ஆப்டம் (ஆப்டோமெட்ரி, அதாவது கண் பரிசோதனைப் பட்டப்படிப்பு) கிடைக்கும் என்கிறார்கள். நான் அதைச் சொன்னதும் சித்தி, "டாக்டராவேன்னு சொல்லிட்டு இப்ப கண்ணாடிக் கடையில நிக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டார். அப்பா எதுவும் சொல்லாமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

எனக்கு ஏன் கண் மேல் ஆசை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்பில் பள்ளியில் கண் பரிசோதனை முகாம் நடந்தது. இரண்டு கண்ணையும் திறந்து படித்தபோது கடைசி வரி வரை படித்துவிட்டேன். பிறகு வலது கண்ணை மூடச் சொன்னார்கள். மேலே இருந்த பெரிய எழுத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. நான் எல்லோருக்குமே ஒரு கண் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் என்னை இருட்டு மூலைக்குக் கூட்டிப்போய், கம்பு மாதிரி ஒரு டார்ச்சை இடது கண்ணில் அடித்து, முன்னால் கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. "இடது கண்ணுல பிளஸ் அஞ்சு. சோம்பேறிக் கண்ணாயிடுச்சு. உடனே கூட்டிட்டுப் போங்க" என்றார். அதன்பின் கண்ணாடி, சோம்பேறிக் கண்ணுக்கு வேலை கொடுக்க நல்ல கண்ணில் பிளாஸ்திரி, "ஒத்தக்கண்ணி" என்ற பட்டப்பெயர் எல்லாம் வந்தன. இன்று அந்தக் கண்ணில் 6/9 வரை, அதாவது ஏறக்குறைய முழுப் பார்வை அளவுக்கு, படிக்கிறேன்.

அந்த "டாக்டர்" மாதிரி ஆக வேண்டும் என்றுதான் இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாதம் பழைய சீட்டை எடுத்துப் பார்த்தால், கீழே கையெழுத்துக்குப் பக்கத்தில் "ஆப்டோமெட்ரிஸ்ட்" என்று முத்திரை. அவர் டாக்டரே இல்லை.

அப்படியானால் நான் ஆசைப்பட்டது எதற்கு? இந்த இரண்டு வேலையிலும் இருக்கிறவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். சம்பளத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

டார்ச் அக்கா:

தங்கச்சி, நான் ஆப்டோமெட்ரிஸ்ட். மதுரைப் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரியில 16 வருஷமா இருக்கேன். அந்தக் கம்பு டார்ச்சுக்குப் பேரு ரெட்டினோஸ்கோப். என் கைப்பையில எப்பவும் ஒண்ணு கெடக்கும்.

ஒரு வார்த்தை கேக்காம கண்டுபிடிச்சார்னு எழுதியிருந்த பாரு, அதுதான் எங்க வேலையோட ருசியே. அந்த வெளிச்சக் கோட்டை மெதுவா அசைச்சா, கண் பாப்பாவுக்குள்ள இருந்து ஒரு செவந்த ஒளி திரும்பி வரும். உனக்கு இருந்த மாதிரி பிளஸ் பவர்னா நான் அசைக்கிற பக்கமே அதுவும் நகரும். மைனஸ் பவர்ல எதிர்ப்பக்கம் ஓடும். வில்லையை மாத்திக்கிட்டே போனா ஒரு இடத்துல அசைவு நின்னு பாப்பா முழுக்க ஒரே வெளிச்சமா நெறஞ்சிரும். அதுல இருந்து நான் நிக்கிற தூரத்துக்கு ஒரு கணக்கைக் கழிச்சா பவர் வந்துரும். பேசத் தெரியாத ஆறு மாசக் கொழந்தைக்கும், ஊமையா உக்காந்திருக்கற பாட்டிக்கும் இப்படித்தான் பாக்குறோம்.

ஒரு கதை சொல்றேன். இன்ஜினியரிங் படிக்கிற பையன் ஒருத்தன் வந்தான். ஒரே வருஷத்துல மூணு தடவை கண்ணாடி மாத்தியிருக்கான், எதுவும் சரியா வரல. "இவன் படிக்காம சாக்குச் சொல்றான்"னு அவங்க அம்மா. டார்ச் அடிச்சா, உள்ள வர்ற ஒளி கத்தரிக்கோல் மாதிரி ரெண்டாப் பிரிஞ்சு தெறக்குது, மூடுது. அதைப் பாத்ததும் எனக்கு வயித்துல சொரேர்னுச்சு. கெரட்டோகோனஸ். கருவிழி மெலிஞ்சு கூம்பாத் துருத்திக்கிட்டு வர்ற நோய். கருவிழியோட வளைவைப் படம் புடிக்கிற டோப்போகிராஃபி எடுத்து டாக்டர்கிட்ட அனுப்புனேன். அது மேலும் முத்தாம இருக்க டாக்டர் கிராஸ்லிங்கிங் பண்ணாங்க, கருவிழியை உறுதியாக்கற சிகிச்சை அது. நோய் நின்னுச்சு, ஆனா பார்வை? அது திரும்ப என் மேசைக்குத்தான் வந்துச்சு. அவனுக்குக் கெட்டிக் காண்டாக்ட் லென்ஸ் பொருத்தி, அளவு மாத்தி, கழட்டி, மறுபடி போட்டு, நாலு தடவை வரவச்சேன். கடைசியில அவன் அந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டு சுவத்துல இருந்த சின்னப் போர்டை, "காலணிகளை வெளியே விடவும்"னு படிச்சான். அவங்க அம்மா அழுதுட்டாங்க.

நல்லதை மட்டும் சொன்னா நான் பொய் சொல்றதா ஆயிரும். அதனால இன்னொண்ணையும் கேளு. ஒரு நாள் சாயங்காலம் ஒரு அம்மா ஒத்தத் தலைவலியோட, வாந்தியெடுத்துக்கிட்டு வந்தாங்க. கண்ணு செவந்து கருவிழி மங்கலா இருந்துச்சு. கண்ணோட பிரஷர் பாத்தா 52. சாதாரணமா 21-க்குள்ள இருக்கணும். கண்ணுல தண்ணி வெளியேறுற வழி திடீர்னு அடைச்சுக்கிட்ட கிளாக்கோமா. என்னன்னு எனக்குத் தெரியும். என்ன பண்ணணும்னும் தெரியும். பண்ண எனக்கு உரிமை இல்ல. டாக்டருக்கு போன் போட்டுட்டு அந்தம்மா கையைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். டாக்டர் வந்து மருந்து ஏத்தி பிரஷரை எறக்கி, அப்புறமா லேசர்ல ஓட்டை போட்டாங்க. அந்தப் பத்து நிமிஷம் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறது உனக்குத் தாங்குமா, தாங்காதா? இதை உன்னையே கேட்டுக்க. இங்க நாங்க ஆபரேஷன் பண்ண முடியாது, ஊசி போட முடியாது, நோய்க்கு மருந்து எழுதித் தர முடியாது.

பேரும் கெடைக்காது. காலையில எட்டு மணியில இருந்து 40 பேருக்குப் பவர் பாப்பேன். முக்கால்வாசிப் பேர் என்னை "சிஸ்டர்"னு கூப்புடுவாங்க, சில பேர் "கண்ணாடி டாக்டர்". நான் பொறுமையாப் பாத்து எழுதுனதை டாக்டர் ரெண்டு நிமிஷத்துல படிச்சுக் கையெழுத்துப் போடுவாங்க. கும்பிடு அவங்களுக்கு. மொத ரெண்டு வருஷம் எனக்கு எரிச்சலா இருந்துச்சு. அப்புறம் பயோமெட்ரி ரூமுக்குப் போட்டாங்க, புரை ஆபரேஷனுக்கு முன்னால கண்ணோட நீளத்தை அளக்கற எடம். அங்க 1 மில்லிமீட்டர் நான் தப்பா அளந்தா உள்ள வைக்கிற லென்ஸ்ல பவர் ரெண்டரை, மூணு டயாப்டர் (பவரோட அளவு) தப்பிரும். சர்ஜன் எவ்வளவு அழகா ஆபரேஷன் பண்ணியிருந்தாலும் பேஷண்டுக்குப் பார்வை தெளிவா இருக்காது. அங்க உக்காந்ததுக்கப்புறம் என்னை யாரும் "வெறும் ஆப்டோமெட்ரிஸ்ட்"னு சொன்னா எனக்குச் சிரிப்புத்தான் வருது.

சம்பளம் கேட்ட. 2009-ல என் மொத மாசச் சம்பளம் 6,500. இப்ப எங்க ஆஸ்பத்திரியில புதுசா வர்ற புள்ளைங்களுக்கு 18,000 கிட்ட. நான் காண்டாக்ட் லென்ஸ் பிரிவைப் பாத்துக்கறதால அதைவிட நல்லாவே வாங்குறேன், ஆனா என்கூடப் படிச்சுட்டு பொதுவா இருக்கறவங்க மெதுவாத்தான் ஏறுறாங்க. வீட்டுல இதை மறைக்காதே.

மாத்திரை இல்லாத டாக்டர்:

நான் கண் மருத்துவர். எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரியில் எம்.எஸ். (கண் மருத்துவ மேற்படிப்பு) முடித்தேன். 1819-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. காலை ஆறு மணிக்கே வெளியூர்ப் பேருந்திலிருந்து இறங்கி வரிசையில் நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குக் கண் மருத்துவம் பழகியது.

மேலே அந்த அம்மையார் சொன்னதில் ஒரு வரிகூட மிகை இல்லை. நான் வேறொரு பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

நீங்கள் "கண்ணா, மருத்துவமா" என்று கேட்கவில்லை. "கண் பிடித்திருக்கிறது, அதற்கு எந்த வழி" என்று கேட்கிறீர்கள். எம்.பி.பி.எஸ். கண்ணுக்குப் போகும் வழி என்று யாராவது சொல்லியிருந்தால் அது பாதி உண்மைதான். நாலரை வருடப் படிப்பில் கண் ஒரே ஒரு பாடம். மீதி நாட்களில் பிணவறை, பிரசவ வார்டு, குழந்தைகள் வார்டு, நடுராத்திரி பாம்புக்கடி. அதன்பின் ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன். அதற்கப்புறம் மறுபடியும் நீட், இந்த முறை பி.ஜி. அந்தத் தரவரிசைதான் நீங்கள் எந்தத் துறைக்குப் போவீர்கள் என்று முடிவு செய்யும். என் வகுப்பில் கண்ணைத் தவிர வேறு எதையும் பேசாத ஒருவன் இருந்தான், இன்று அவன் மயக்க மருந்து நிபுணர். நன்றாகவே இருக்கிறான், ஆனால் கண்ணைப் பார்ப்பது முகம் பார்க்கும் கண்ணாடியில் மட்டும்தான்.

கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்தரை வருடம், பி.ஜி.க்குத் தயாராக ஒன்றோ இரண்டோ வருடம், எம்.எஸ். மூன்று வருடம். எம்.எஸ். முடித்து வந்தவுடன் பேகோ (சிறு துளை வழியாகப் புரையை எடுக்கும் முறை) கை வந்துவிடாது, அதற்கு ஒரு பெல்லோஷிப் பயிற்சி. எனக்கு முழுச் சம்பளம் என்று ஒன்று வந்தபோது வயது 30. உங்களுக்கு இனி சீட் கிடைத்து, அதற்குப் பிறகுதான் இந்தக் கணக்கே தொடங்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை ஒளித்தால் நியாயமில்லை. புரை ஆபரேஷனில், லென்ஸைச் சுற்றியிருக்கும் உறையின் முன்பக்கத்தில் ஐந்து, ஐந்தரை மில்லிமீட்டர் வட்டமாகக் கிழிக்க வேண்டும். பின்பக்க உறையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. அதைக் கிழிக்காமல் உள்ளே இருக்கிற புரையை எடுக்க வேண்டும். முதன்முறை அந்த வட்டம் முழுசாக வந்த அன்று நான் மதியம் சாப்பிடவில்லை, பசிக்கவே இல்லை. அந்தச் சுகத்துக்கு ஈடு எனக்கு வேறு எதுவும் கிடைத்ததில்லை. உங்கள் கை அதைக் கேட்கிறதென்றால் ஆப்டோமெட்ரி நாலு வருடத்தில் கசந்துவிடும்.

ஆனால் உங்கள் பதிவில் கத்தி எங்கேயும் வரவில்லை. டார்ச்தான் வந்திருக்கிறது. நீங்களே ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள்.

கடைக்காரன்:

சித்தி சொன்ன கண்ணாடிக் கடையிலதான் நான் நிக்கிறேன், அதனால நானே சொல்லிடறேன்.

பி.ஆப்டம் முடிச்சுட்டு ஊரெல்லாம் கிளை இருக்கிற ஒரு பெரிய கடையில சேந்தேன். பேரு வேணாம். மாசம் இத்தனை ஜோடி, அதுல இத்தனை பிராக்ரசிவ் லென்ஸ் (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடி)னு இலக்கு. 0.25 பவருக்குக் கண்ணாடி தேவையில்லன்னு ஒரு பொண்ணை அனுப்பி வச்சதுக்கு மேனேஜர் கூப்பிட்டு அரை மணி நேரம் வகுப்பு எடுத்தார். ஒன்றரை வருஷத்துல வெளிய வந்துட்டேன். இப்ப சொந்தமா ரெண்டு நாற்காலி போட்ட கடை. நானே பாக்குறேன், நானே விக்கிறேன். சர்க்கரை நோயாளி வந்தா மொதல்ல விழித்திரை பாத்துட்டு வாங்கன்னு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவேன். பாதிப் பேர் போறதில்ல.

கல்லூரி எடுக்கும்போது ஒண்ணே ஒண்ணு பாருங்க. அதுக்குச் சொந்தமா கண் ஆஸ்பத்திரி இருக்கா, தினமும் பேஷண்ட் வர்றாங்களா? நான் படிச்ச எடத்துல 40 பேருக்கு ஒரு ஸ்லிட் லேம்ப், கண்ணைப் பெருசாக்கிப் பாக்கற கருவி. மூணு வருஷம் ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். எல்லாருக்கும் நல்ல கண்ணு! இன்டர்ன்ஷிப்புக்கு வந்தப்பத்தான் புரைன்னா எப்படி இருக்கும்னே தெரிஞ்சுது. ரெண்டு வருஷ டிப்ளமோவை "டிகிரி மாதிரிதான்"னு விக்கறவங்க இருப்பாங்க, அந்தப் பக்கம் போகாதீங்க.

ஒத்தக்கண்ணி:

மூன்று பேருக்கும் நன்றி. டாக்டர் சார் (மேடமா?) சொன்னபடி திரும்பப் படித்தேன். கத்தி வரவில்லை என்பது உண்மைதான். முதல் தடவை படித்தபோது கொஞ்சம் கோபம் வந்தது.

இரண்டு சந்தேகம். பி.ஆப்டம் முடித்துவிட்டு எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருடத்தில் சேர வழி உண்டா? சேர்ந்த பிறகு நீட் எழுதலாமா? அப்பாவுக்கு இதில் ஒரு ஆமாம் கிடைத்தால்கூடச் சமாதானமாகிவிடுவார்.

மாத்திரை இல்லாத டாக்டர்:

மேடம்தான்.

குறுக்கு வழி கிடையாது. பி.ஆப்டம் முடித்தாலும் எம்.பி.பி.எஸ். முதல் வருடத்திலிருந்துதான். நீட் எழுதலாம், மேல் வயது வரம்பை 2022-லேயே எடுத்துவிட்டார்கள், எத்தனை தடவை என்ற கணக்கும் இல்லை. அப்பாவுக்கு அந்த ஒரு ஆமாம் இருக்கிறது. ஆனால் ஒரு காலை ஆப்டோமெட்ரி வகுப்பிலும் ஒரு காலை கோச்சிங் சென்டரிலும் வைத்தவர்கள் இரண்டிலும் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். சேர்ந்தால் முதல் வருடம் அதை மட்டும் படியுங்கள்.

டார்ச் அக்கா:

மேல படிக்கவும் வழி இருக்கு தங்கச்சி. எம்.ஆப்டம் ரெண்டு வருஷம், அப்புறம் பி.எச்.டி. வரைக்கும் போகலாம். சென்னையில சங்கர நேத்ராலயாவோட எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி 1985-லயே ஆரம்பிச்சது. ஹைதராபாத்துல எல்.வி. பிரசாத் கண் ஆஸ்பத்திரி இருக்கு. இந்த மாதிரி எடங்கள்ல அவங்களே தனியாத் தேர்வு வைப்பாங்க, கவுன்சிலிங்கை மட்டும் நம்பி உக்காந்திராத. இந்த வருஷ விதிமுறையைக் கையில வாங்கிப் படிச்சுட்டு விண்ணப்பம் போடு. 2021-ல வந்த துணை மருத்துவ ஆணையச் சட்டத்துல நம்ம படிப்பும் சேந்திருக்கு, அதனால விதிகள் மாறிக்கிட்டே இருக்கு.

வெளிநாடு பத்தியும் யாராவது உன்கிட்ட கதை விடுவாங்க. அமெரிக்காவுல ஆப்டோமெட்ரிஸ்டுன்னா டிகிரிக்கு மேல நாலு வருஷம் தனிப் படிப்பு, நம்ம பட்டத்தை வச்சுக்கிட்டு அங்க நேரா வேலை பாக்க முடியாது. வளைகுடாவுக்கு லைசென்ஸ் பரீட்சை எழுதிப் போனவங்க என் பேட்ச்லயே நாலு பேர் இருக்காங்க.

மூணாவது தடவை எழுதறதை நான் வேணாம்னு சொல்லமாட்டேன். 386-ல இருந்து 441 வந்தவ நீ. ஆனா அம்மா செயின் அடகுக்குப் போறதுக்கு முன்னால ஒரு வேலை பண்ணு. உங்க ஊர்ப் பக்கம் ஞாயித்துக்கிழமை எங்கயாவது கண் முகாம் நடக்கும். போயி பேர் எழுதற வேலையாவது குடுங்கன்னு கேளு, வேணாம்னு சொல்ல மாட்டாங்க. நாள் முழுக்க நில்லு. சாயங்காலம் கால் வலிக்கும்போது உன் மனசு யார் பக்கம் போயி நிக்குதுன்னு பாரு. அங்க பவர் பாக்கற ஆப்டோமெட்ரிஸ்ட் புள்ள பக்கமா, "ஆபரேஷனுக்கு ஏத்துங்க"ன்னு எழுதுற டாக்டர் பக்கமா?

ஒத்தக்கண்ணி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். முகாமுக்குப் போனேன். பேர் எழுதும் மேசையில் பாதி நாள், பிறகு ஆள் பற்றாமல் எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். என் வேலை "இந்தக் கண்ணை மூடுங்கய்யா, விரல் இடுக்குல பாக்காதீங்க" என்று சொல்வது. எல்லோரும் விரல் இடுக்கில்தான் பார்க்கிறார்கள். 112 பேர். யார் பக்கம் மனசு போனது என்று எனக்குத் தெரியும், ஆனால் அதை எழுதினால் சித்தி படித்துவிடுவார். விண்ணப்பம் இரண்டு இடத்துக்குப் போட்டாயிற்று. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வேறொரு விஷயம். முகாமிலிருந்து வந்த ராத்திரி, சும்மா விளையாட்டுக்கு அப்பாவை நிற்க வைத்து சுவரில் இருக்கும் தினசரி காலண்டரைப் படிக்கச் சொன்னேன். இடது கண்ணை மூடினேன். தேதியே தெரியவில்லை என்கிறார். "ராத்திரியில வெளிச்சம் பத்தல" என்று சொல்லிவிட்டார். காலையில் வாசலில் வைத்துக் கேட்டேன், அப்போதும் தெரியவில்லை. இத்தனை நாள் கணக்குப் புத்தகத்தை ஒரே கண்ணால்தான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். என்னென்ன கேட்க வேண்டும்?

டார்ச் அக்கா:

அப்பாவுக்கு சுகர், பிரஷர் இருக்கா? பழைய சீட்டு இருந்தா எல்லாத்தையும் எடுத்துக்க. பழைய கண்ணாடி உடைஞ்சு கெடந்தாலும் கொண்டு போ, அதுல இருந்து பவர் எடுப்பாங்க. பாப்பா விரிய சொட்டு மருந்து விட்டா நாலஞ்சு மணி நேரம் கூசும், கிட்டத்துல எழுத்து தெரியாது. அதனால அன்னிக்குக் கணக்கு எழுத வர முடியாதுன்னு ஆபீஸ்ல முன்னாடியே சொல்லிரச் சொல்லு. அவரை வண்டி ஓட்ட விடாத, பஸ்ல போங்க. திடீர்னு கொறஞ்சுதா, மெதுவாவா, சின்ன வயசுல இருந்தே அப்படியான்னு கேட்டு வச்சுக்க. உனக்கு இருந்ததே அவருக்கும் இருந்திருக்கலாம், அந்தக் காலத்துல யாரும் ஒரு கண்ணை மூடச் சொல்லியிருக்க மாட்டாங்க. இல்ல புரையா இருக்கலாம், வேற ஏதாவதும் இருக்கலாம். பாத்தாத்தான் தெரியும்.

டார்ச் அடிக்கறப்போ பக்கத்துலயே நின்னுக்க. விட்டாங்கன்னா அவங்க தோளுக்குப் பின்னால இருந்து எட்டிப் பாரு.